அத்தியாயம் 6: ஃப்ரெட்லெஸ் பேஸின் விரல்பலகைக்கு எபொக்ஸிப் பூச்சு

ஜாக்கோ பஸ்டோரியஸ் 1976இல் தன் பெயரிலேயே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அடுத்த வருடம் வெதர் ரிப்போர்ட் குழுவுடன் 'ஹெவி வெதர்' வந்தது. இரண்டிலும் பாடுவதுபோல் ஒலிக்கும் அந்த ஃப்ரெட்லெஸ் பேஸ், 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்று. ஃப்ரெட்டுகள் கழற்றப்பட்டு, அவை இருந்த வெட்டுகள் மரப்புட்டியால் அடைக்கப்பட்டு, மேலே ஒரு கண்ணாடிப் பூச்சு பூசப்பட்டிருந்தது. இசைக்கருவிக் கடையில் விற்கும் வார்னிஷ் எதையும் அவர் தேடிப் போகவில்லை. புளோரிடாவின் கடற்கரை ஊரில் வளர்ந்தவர். படகுக்குப் பூசுகிற, பெட்டிட் கம்பனியின் எபொக்ஸியை எடுத்துப் பூசினார். அவர் போட்ட ரொட்டோசவுண்ட் ரவுண்ட்வூண்ட் கம்பிகள் ரோஸ்வுட் பலகையை அராவித் தின்றுவிடும் என்பதுதான் காரணம். ஒலி பளிச்சென்று மாறியது அதோடு வந்த லாபம்.

மட்டக்குளியில் இதைப் படிப்பவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும். காக்கைதீவுப் பக்கம் சீநோர் படகுத்தளம் இருக்கிறது. 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியால் 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் தொடங்கிய நிறுவனம் அது. கண்ணாடிநார்ப் படகை வடபகுதி மீனவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. களனி கங்கை கடலில் கலக்கிற இந்த மூலையில் படகு ரெசின் வாசம் தெரியாத வீடு குறைவு. ஆகவே பேஸ் வாசிக்கிற பையன்கள் கேட்பார்கள்: "அண்ணா, யார்ட்ல சொல்லி ஒரு போத்தல் ரெசின் எடுத்தா சரிதானே?"

சரிவராது. ஏன் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இந்த வேலையில் பணமும் பலகையும் வீணாகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

போட் ரெசின் வேறு, எபொக்ஸி வேறு

மீன்பிடிப் படகு கட்டப் பயன்படுவது பொலியெஸ்டர் ரெசின். மூக்கைத் துளைக்கிற அந்த வாசம் அதிலுள்ள ஸ்டைரீனுடையது. டப்பாவில் ஏற்கெனவே கோபால்ட் கலந்திருக்கும். வேலை செய்பவர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் வினையூக்கியைச் சேர்ப்பார். வெயில் நாளில் கொஞ்சம் குறைப்பார், மழை நாளில் கொஞ்சம் கூட்டுவார். (கோபால்ட்டையும் வினையூக்கியையும் ரெசின் இல்லாமல் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் தீப்பற்றும். இரண்டும் தனித்தனியாகக் கைக்குக் கிடைத்தால் இதை மறக்கவேண்டாம்.)

பொலியெஸ்டர் இரண்டு விதத்தில் நம்மைக் கைவிடும். படகுக்கு அடுக்கடுக்காகப் போடுகிற வகை, காற்றுப் படும் மேற்பரப்பில் முழுதாகக் காயாது. அடுத்த அடுக்கு ஒட்டவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். விரல்பலகையில் அது எப்போதும் பிசுபிசுப்பாக நிற்கும். இரண்டாவது விஷயம் மரத்தைப் பற்றியது. ரோஸ்வுட் இனத்து மரங்களின் எண்ணெயில், பொலியெஸ்டர் இறுகுவதையே தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. மேலே கல்லாக இறுகி, மரத்தைத் தொடும் அடிப்பக்கம் மட்டும் பசையாக நின்று, சில மாதத்தில் தோலாக உரிந்து வரும். தொழிற்சாலைகளில் பொலியெஸ்டர் பூசுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எண்ணெய் மரத்துக்கு முதலில் தடுப்புப் பூச்சு ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் அதைச் செய்கிறார்கள்.

எபொக்ஸி அப்படி இல்லை. அதன் ஹார்ட்னர் தூண்டிவிடும் பொருளல்ல; பொருளின் ஒரு பாகமே அதுதான். ரெசினின் ஒவ்வொரு துகளும் ஹார்ட்னரின் துகளைப் பிடித்துக்கொண்டால்தான் பிணைப்பு முழுமையாகும். அதனால் மரத்து எண்ணெய் அதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. அதனாலேயே, கலவை விகிதத்தில் கைவைக்கவும் முடியாது. பொலியெஸ்டரில் பழகியவர் "கொஞ்சம் கூடப் போட்டா கெதியாக் காயும்" என்று ஹார்ட்னரைக் கூட்டுவார். எபொக்ஸியில் அப்படிக் கூட்டினால் மிச்ச ஹார்ட்னர் பிடிக்க ஆளில்லாமல் உள்ளேயே தங்கி, பலகை என்றைக்கும் ரப்பராகவே இருக்கும். அதைத் திருத்த வழியில்லை. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான்.

கடையில் எபொக்ஸி என்று கேட்டால் மூன்று விதமாகத் தருவார்கள். பழைய சோனகத் தெருவில் ஐந்து நிமிடத்தில் இறுகும் சின்னக் குழாய்ப் பசை எந்தக் கடையிலும் கிடைக்கும். அது வேண்டாம், மென்மையானது, குமிழி நிறைந்தது, சீக்கிரம் மஞ்சளாகும். மேசைக்கு மேல் ஊற்றுகிற 'ரிவர் டேபிள்' வகை தெளிவாக இருக்கும், பூசவும் சுகம். ஆனால் அவற்றில் பல வகைகள் சூட்டில் இளகும், கம்பி அழுத்திய தடம் நிற்கும். நமக்கு ஏற்றது மெதுவாக இறுகும், நீர்போல் ஓடக்கூடிய, படகு மரவேலைக்கோ கண்ணாடிநார் அடுக்கவோ செய்த எபொக்ஸி. டப்பாவில் ஷோர் டி கடினம் 80க்கு மேல் என்று போட்டிருந்தால் நம்பி எடுக்கலாம்.

சூப்பர் குளூவை அடுக்கடுக்காகப் போட்டு அருமையான பலகை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் அது எபொக்ஸியைவிட வேகமான வழி. ஆனால் காற்றின் ஈரத்தால் இறுகுகிற பொருள் அது. நம் ஊர்க் காற்றில் பரப்பி முடிப்பதற்குள் இறுகும், வெள்ளையாகப் பூக்கும், அதன் ஆவி கண்ணை எரிக்கும். ஃப்ரெட் வெட்டை அடைக்கவும் சின்ன ஓட்டையை நிரப்பவும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இது தேவையா?

பலருக்குத் தேவையில்லை. கம்பி ஃப்ளாட்வூண்டோ, நைலோன் சுற்றியதோ என்றால் ரோஸ்வுட் பலகையே வருடக்கணக்கில் தாங்கும். கருங்காலிப் பலகை என்றால் இன்னும் நல்லது. வயலின், செல்லோக்காரர்கள் கருங்காலிக்கு எந்தப் பூச்சும் போடுவதில்லை. பள்ளம் விழுந்தால் சீவி மட்டமாக்கிவிடுவார்கள். உலகத்து வயலின் செய்பவர்கள் விரும்பித் தேடிய கருங்காலிகளில் ஒன்று நம் நாட்டினது. அப்படிப்பட்ட பலகை உங்கள் கையில் இருந்தால் அதன்மேல் பிளாஸ்டிக் ஊற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மேப்பிள் பலகை நேர்மாறு: பூச்சில்லாமல் விட்டால் வியர்வை ஊறிக் கறுத்துப்போகும், எந்தக் கம்பி போட்டாலும் அதற்குப் பூச்சு வேண்டும்.

ஆக, ரோஸ்வுட் அல்லது அதுபோன்ற நடுத்தரக் கடினமுள்ள பலகை, அதன்மேல் ஸ்டீல் ரவுண்ட்வூண்ட் கம்பி, அந்தப் பாடும் ஒலி வேண்டும் என்ற ஆசை. இந்த மூன்றும் சேர்ந்தவருக்குத்தான் இந்த அத்தியாயம். கம்பியைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பலகையில் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். மெல்லிய கம்பியின் கீழே, மூன்றாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடம்வரை நீளவாக்கில் மினுங்கும் கோடுகள் தெரிந்தால் பலகை ஏற்கெனவே தேயத் தொடங்கிவிட்டது.

ஃப்ரெட் உள்ள பேஸைக் கழற்றி ஃப்ரெட்லெஸ் ஆக்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. பைலா மட்டும் வாசிப்பவர் அந்த வேலைக்கு இறங்கவேண்டாம். 6/8 தாளத்தில் கத்தரித்தாற்போல் விழவேண்டிய சுரங்களுக்கு ஃப்ரெட் தருகிற கூர்மை வேண்டும். ஆராதனைப் பாடல், மெல்லிசை, ரகுமானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசிக்கும் பேஸை விரும்பிக் கேட்டு அதுபோல் வழுக்கி இறங்க ஆசைப்படுகிறவர், கர்நாடக இசை தெரிந்து கமகத்தைப் பேஸில் பிடிக்கப் பார்ப்பவர், இவர்களுக்கு ஃப்ரெட்லெஸ் கைகொடுக்கும்.

காற்றையும் நாளையும் பார்த்து

இந்த வேலையைப் பற்றி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதியவற்றைப் படித்துவிட்டு அப்படியே செய்தால் நம் ஊரில் பூச்சு கெட்டுப்போகும். காரணம் ஈரம். எபொக்ஸி ஹார்ட்னர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேற்பரப்பில் மெழுகுபோன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். அதற்கு மேல் அடுத்த பூச்சைப் போட்டால் ஒட்டாது. இரண்டு அடுக்கும் பிரிந்து வரும். கொழும்பு 15இல் இரவானால் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும், கங்கையும் கடலும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஈரமானியைச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு கிழமை கவனியுங்கள். 75க்குக் கீழே இருந்தால் நல்லது. 85ஐத் தாண்டினால் அன்று தொடவேண்டாம். தை, மாசி மாதங்கள் கைகூடும். வைகாசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கும்போதும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் இந்த வேலைக்கு இறங்குவது வீண்பிடிவாதம். குளிரூட்டி உள்ள அறை கிடைத்தால் எந்த மாதமும் செய்யலாம், அது ஈரத்தை உறிஞ்சிவிடும். சமையலறைக்குப் பக்கத்து அறை வேண்டாம். எரிகிற காஸ் அடுப்பு ஈரத்தையும் கரியமில வாயுவையும் சேர்த்தே வெளியிடுகிறது, படலம் உண்டாக வேறெதுவும் தேவையில்லை.

பகலில் எந்த நேரம் என்பதும் முக்கியம். மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. மரம் சூடேறிக்கொண்டிருக்கும்போது பூசினால் அந்தக் காற்று விரிந்து வெளியே வந்து குமிழி குமிழியாகப் பூச்சில் நிற்கும். மரம் ஆறிக்கொண்டிருக்கும்போது பூசினால் அது பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே காலையில் தொடங்காதீர்கள். பின்னேரம் மூன்று, நான்கு மணிக்கு, வெயில் இறங்கத் தொடங்கும்போது, பலகையை ஹெயர் டிரையரால் கைக்கு இதமான சூடு வரும்வரை சூடாக்கிவிட்டுப் பூசுங்கள். அதற்கும் பிந்தினால் இரவு ஈரம் பிடித்துக்கொள்ளும்.

பலகையைத் தயார்செய்தல்

நேரத்தின் பெரும்பகுதியைச் செலவழிக்கவேண்டியது இங்கேதான். ஃப்ரெட்லெஸின் அந்த 'ம்வா' என்ற ஒலி எபொக்ஸியிலிருந்து வருவதல்ல. தாழ்வாக ஓடும் கம்பி, பலகையின் நீளம் முழுக்க ஒரேமாதிரி மெல்லத் தொட்டுத்தொட்டு அதிர்வதால் வருவது. பலகை மட்டமாக இல்லாவிட்டால் எத்தனை பூச்சு போட்டாலும் ஓரிடத்தில் பாடும், அடுத்த இடத்தில் கட்டையடிக்கும். பூச்சு இந்த மட்டத்தைக் காப்பாற்றத்தான்.

ஃப்ரெட்டைக் கழற்றுகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றையும் சோல்டரிங் அயனால் சூடாக்கி, முகம் தட்டையாகத் தீட்டிய குறட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள். இழுக்காதீர்கள், இழுத்தால் ரோஸ்வுட் சிராய் சிராயாகப் பெயர்ந்து வரும். பிறகு வெட்டுகளைப் புட்டியால் அடைக்கலாம், ஜாக்கோ அப்படித்தான் செய்தார். ஆனால் நான் மெல்லிய மர வெனியரைத்தான் பரிந்துரைப்பேன். ஃப்ரெட் வெட்டு அநேகமாக அரை மில்லிமீட்டர் அகலம், வெனியரும் ஏறத்தாழ அதே கனம். இருபது வெட்டுகள் வெறுமையாகவோ மென்மையான புட்டியோடோ நின்றால் கழுத்து வலுவிழந்து கம்பியின் இழுப்புக்கு வளைந்துகொடுக்கும். மரத்தை இறுக்கி வைத்தால் பழைய விறைப்பு திரும்பும். வெளிர்நிற வெனியர் என்றால் விரலுக்கு வழிகாட்டும் கோடும் கிடைத்துவிடும்.

அடுத்து நட்டைக் கழற்றுங்கள். கம்பி இல்லாத நிலையில், நல்ல ஸ்டீல் அடிமட்டத்தைப் பலகையின் நீளத்தில் வைத்து, கழுத்து துல்லியமாக நேராகும்வரை ட்ரஸ் ரொட்டைத் திருப்புங்கள். அதற்குப் பிறகு அதைத் தொடவேண்டாம். மட்டமாக்கும் கோலாக, அலுமினிய ஜன்னல் செய்கிற கடைகளில் கிடைக்கும் பெட்டிக்குழாய்த் துண்டே போதும். 45 சென்டிமீட்டர் வாங்கி, கண்ணாடி மேல் வைத்து ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்து எடுங்கள். ஒட்டுகிற 120 நம்பர் சாண்ட்பேப்பரை அதன் அடியில் ஒட்டி, கம்பி ஓடும் திசையிலேயே, ஒரு கம்பிப் பாதையிலிருந்து அடுத்த பாதைக்கு மாறி மாறித் தேயுங்கள். இப்படித் தேய்த்தால் பலகையின் குறுக்கு வளைவு கெடாது. பழைய ஃபெண்டரில் அந்த வளைவின் ஆரம் ஏழேகால் அங்குலம், இப்போதைய பலவற்றில் ஒன்பதரை. குறுக்கே தேய்த்தால் அது போய்விடும்.

தேய்க்குமுன் பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிடுங்கள். பென்சில் கோடு கடைசியாக அழிகிற இடம் பள்ளம். எல்லாக் கோடும் ஒன்றாக அழியும்வரை தேய்க்கவேண்டும். முடிவில் 180 அல்லது 220 நம்பரோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் மினுக்கினால் அழகாக இருக்கும், ஆனால் எபொக்ஸி பிடித்துக்கொள்ள மரத்தில் கீறல் இருக்காது.

துடைப்பது அசிட்டோனால். கண்ணாடிநார்ச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைக்கத் துடைக்க ரோஸ்வுட்டிலிருந்து ஊதா கலந்த பழுப்பு நிறம் வரும். துணியில் நிறம் குறையும்வரை துடையுங்கள், பிறகு ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் பூச்சைப் போட்டுவிடுங்கள். விட்டால் எண்ணெய் திரும்ப மேலேறும். பழைய கிட்டார்களுக்கு யாராவது தளபாடம் மினுக்கும் ஸ்ப்ரே அடித்திருந்தால் அதிலுள்ள சிலிக்கோன் பூச்சை ஒதுக்கி வட்ட வட்டக் குழிகளாக்கும். சந்தேகமிருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் முதலில் கழுவித் துடைத்து, காயவிட்டுப் பிறகு மேலே சொன்னவற்றைச் செய்யுங்கள்.

ஊற்றுதல்

கழுத்தின் பக்கங்களையும் பின்புறத்தையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கீழே டேப் தொடங்கட்டும். அப்போது வழிகிற பூச்சு விளிம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், பின்னால் ஓரம் பெயராது. ட்ரஸ் ரொட் துவாரத்தையும் நட் உட்காரும் பள்ளத்தையும் மறக்காமல் அடையுங்கள். கழுத்தை இரண்டு திசையிலும் ஸ்பிரிட் லெவல் வைத்துச் சமமாக நிறுத்துங்கள்.

எவ்வளவு வேண்டும்? பேஸ் விரல்பலகை ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளம், சராசரி 5 சென்டிமீட்டர் அகலம், அதாவது 300 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குப் பூச 10 மில்லிலீட்டர். கோப்பையில் ஒட்டுவதையும் வழிவதையும் சேர்த்து 15 கலந்தால் போதும். இந்தச் சின்ன அளவில் கண்மதிப்பு உதவாது. பாமசியில் 10 மில்லிலீட்டர் ஊசிக்குழாய் இரண்டு வாங்கி, ரெசினுக்கு ஒன்று, ஹார்ட்னருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிவிடாதீர்கள். டப்பாவிலுள்ள விகிதம் கன அளவுக்கா நிறைக்கா என்று வாசியுங்கள். ஹார்ட்னர் பொதுவாக ரெசினைவிட இலேசு என்பதால் இரண்டும் ஒன்றாகாது. இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்கி, இன்னொரு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டியிருக்கும் கலவாத ரெசின் பலகையில் விழுந்தால் அந்த இடம் காயவே காயாது.

டப்பாவில் 25 பாகையில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் நம் 31 பாகை பின்னேரத்தில் உங்களுக்கு 20 நிமிடம்தான் இருக்கிறது. கோப்பையில் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும். கலக்கியவுடன் பலகையின் நடுவில் நீளவாக்கில் கோடாக ஊற்றிவிட்டு, பழைய போன் ரீலோட் அட்டையால் இருபக்கமும் பரப்புங்கள்.

முதல் பூச்சு மிக மெல்லியதாக, துளைகளை அடைக்க மட்டும். அது விரலில் ஒட்டாமல், ஆனால் நகம் பதியும் நிலைக்கு வரும்போது அடுத்ததைப் போடுங்கள். நம் சூட்டில் மூன்று, நான்கு மணித்தியாலம் ஆகலாம். இந்த நிலையில் போட்டால் இரண்டு அடுக்கும் ஒன்றாகவே பிணையும், இடையில் தேய்க்க வேண்டியதில்லை. பின்னேரம் தொடங்கியவருக்கு அந்த நேரம் இரவு ஈரத்தில் விழும். குளிரூட்டி இருந்தால் தொடருங்கள், இல்லையென்றால் மறுநாளுக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் பலகை முழுக்கக் கழுவி, துடைத்து, 220ஆல் மங்கலாக்கிவிட்டுத்தான் அடுத்த பூச்சு. கழுவாமல் நேரே சாண்ட்பேப்பர் போட்டால் அந்த மெழுகுப் படலத்தைப் பூச்சுக்குள்ளேயே தேய்த்து இறக்குகிறீர்கள்.

பலகை வளைவானது என்பதால் பூச்சு இரு ஓரத்துக்கும் வழிந்து நடு முதுகு மெலிந்துபோகும். இதற்குத் தடித்த ஒரே ஊற்று தீர்வல்ல. நான்கைந்து மெல்லிய பூச்சுகளே தீர்வு. தேய்த்து மட்டமாக்கிய பிறகு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட மிஞ்சவேண்டும் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் பண்ணுங்கள். குமிழி தெரிந்தால் ஹெயர் டிரையரை இரண்டு சாண் தூரத்தில் பிடித்து ஒருமுறை ஓட்டினாலே உடையும்.

பூசி முடித்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கழுத்துக்கு மேலே நுளம்பு வலையைக் கூடாரமாகக் கட்டுங்கள். இருட்டிய பிறகு மட்டக்குளி நுளம்புகள் ஈரமான எபொக்ஸியைத் தவறவிடுவதில்லை. நுளம்புச் சுருள் கொளுத்தவேண்டாம், சாம்பல் படியும். பூச்சு ஜெல்லியாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். கல்லான பிறகு உரித்தால் ஓரமும் சேர்ந்து வரும்.

கையுறை இல்லாமல் ஒரு துளியும் தொடாதீர்கள். எபொக்ஸி ஹார்ட்னருக்குத் தோல் ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க விடாது. கையில் பட்டால் அசிட்டோனால் துடைக்கவேண்டாம், அது தோலுக்குள் இன்னும் கொண்டுபோகும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

ஒரு கிழமை, பிறகு மட்டம்

தொட்டுப் பார்க்க அடுத்த நாளே கல்லாக இருக்கும். ஏழு நாள் பொறுங்கள். முழுக்க இறுகாத எபொக்ஸியைத் தேய்த்தால் சாண்ட்பேப்பர் அடைத்துக்கொள்ளும், தேய்த்தபின் அது மேலும் சுருங்கி நீங்கள் கொடுத்த மட்டத்தைக் கெடுக்கும், அந்தத் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

பிறகு அதே அலுமினியக் கோல், அதே பென்சில் கிறுக்கல், 220 நம்பர். மினுக்கம் மாறி எல்லா இடமும் மங்கலாகும்வரை. ஒரு புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தாலும் அது பள்ளம். அந்தப் பள்ளத்துக்காக மற்ற இடத்தையெல்லாம் மரம் தெரியும்வரை தேய்க்காதீர்கள். இன்னொரு பூச்சைப் போட்டுவிட்டு ஒரு கிழமை கழித்து வாருங்கள். மட்டமானபின் 320, 400, 600, 800, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கறுப்புச் சாண்ட்பேப்பர்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் கீறலை முழுக்க அழித்த பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும்.

1000இல் நிறுத்துவதா, 2000வரை போய்க் காருக்குப் போடும் ரப்பிங் கொம்பவுண்டால் கண்ணாடியாக்குவதா என்பது உங்கள் விருப்பம். மேடையில் விளக்கு பட்டால் கண்ணாடிப் பலகை பார்க்க எடுப்பு. ஆனால் மின்விசிறி இல்லாத கல்யாண மண்டபத்தில் வியர்த்த விரல் அதில் ஒட்டி நிற்கும். வழுக்கி இறங்கத்தானே ஃப்ரெட்டை எடுத்தோம். என் ஓட்டு 1000க்கு.

நட்டும் கம்பி உயரமும்

பலர் இங்கே வந்து குழம்பிப்போகிறார்கள். பலகை அரை மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது, நட் பழையதுதான். ஃப்ரெட்லெஸில் நட்டின் வெட்டுகள் பலகையிலிருந்து மயிரிழை உயரத்தில்தான் இருக்கும். இப்போது கம்பியைப் போட்டால் திறந்த கம்பி முழுக்கப் பலகையில் படுத்துக்கொள்ளும், 'பூச்சு பிழைத்துவிட்டது' என்று தோன்றும். பிழைக்கவில்லை. நட்டுக்கு அடியில் உயர்ந்த அளவுக்கு வெனியர் துண்டு வைத்து உயர்த்துங்கள், அல்லது எலும்பில் புதிய நட் செய்யுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழைந்தால் உயரம் சரி.

கம்பியைச் சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் விட்டு, ட்ரஸ் ரொட்டைச் சரிசெய்யுங்கள். முதல் இடத்திலும் கடைசி இடத்திலும் கம்பியை அழுத்திப் பிடித்தால் ஏழாம் இடத்தில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பன்னிரண்டாம் இடத்தில் தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லியதற்கு ஒன்றரை என்று பிரிட்ஜ் சாடிலைத் தொடங்கி, அங்கிருந்து காது சொல்கிறபடி கால் சுற்று கால் சுற்றாக இறக்குங்கள். 'ம்வா' வரத் தொடங்கும் உயரமும் கம்பி அடைத்துக்கொள்ளும் உயரமும் மிகப் பக்கத்தில் இருக்கின்றன.

பிறகு பார்த்துக்கொள்வது

கடற்காற்றின் உப்பு ரவுண்ட்வூண்ட் கம்பியில் படிந்து துருவாகும். துருப்பிடித்த கம்பி எபொக்ஸியையும் அராவும். வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். வெயிலில் நிறுத்திய வானுக்குள் பேஸை விடாதீர்கள், அந்தச் சூட்டில் பூச்சு இளகிக் கம்பித் தடம் விழும். எலுமிச்சை எண்ணெய் இனி இந்தப் பலகைக்கு வேண்டாம், உறிஞ்ச மரமே வெளியில் இல்லை, ஈரத்துணி போதும்.

மெல்லிய பள்ளங்கள் விழுந்தால் 600இலிருந்து மறுபடி மட்டமாக்கலாம், பூச்சின் கனத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று தடவை. ஆழமான கீறலை அசிட்டோனால் துடைத்து, ஒரு துளி எபொக்ஸி விட்டு, ஒரு கிழமை கழித்துத் தேய்த்துவிடலாம். அதற்காக மிச்ச ரெசினையும் ஹார்ட்னரையும் இறுக மூடி வைத்திருங்கள். நாளாகி ரெசின் கற்கண்டுபோல் கட்டிபட்டிருந்தால் எறிந்துவிடாதீர்கள். போத்தலோடு சுடுதண்ணீரில் வைத்தால் தெளிந்துவிடும். ஹார்ட்னர் தேநீர் நிறமாகியிருந்தாலும் இறுகும், ஆனால் மேப்பிள் போன்ற வெளிர் பலகையில் அந்த நிறம் தெரியும். அதற்குப் புதிதாக வாங்குங்கள்.